பேரக் குழந்தைக்கு மர இருக்கை: தோட்டத்து மரத்தில் வீட்டிலேயே செய்யும் முறை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் செங்கோட்டை, தென்காசி, பண்பொழி வட்டாரத்து வீடுகளில் விருந்தினர் கூட்டம் சேர்ந்துவிடும். வெளியூரில் வேலை பார்க்கும் மகனும் மகளும் பிள்ளைகளுடன் வந்து சேருவார்கள். பெரியவர்கள் மேசையில் அமர்ந்து சாப்பிடும்போது, இரண்டு மூன்று வயதுப் பேரனோ பேத்தியோ தானும் அங்கேயே உட்கார வேண்டும் என்று அடம் பிடிக்கும். நாற்காலியில் உட்கார வைத்தால் மேசையின் விளிம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக நிற்கும். உடனே இரண்டு தலையணைகளை அடுக்கியோ, மரக்காலைக் கவிழ்த்து வைத்தோ அதன் மேல் குழந்தையை உட்கார வைப்பது பல வீடுகளில் நடப்பதுதான்.

இதில் ஆபத்து இருக்கிறது. தலையணை வழுக்கும், மரக்கால் உருளும். சிறு குழந்தைக்கு உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் தலையின் கனம் அதிகம். ஆகவே விழும்போது பெரும்பாலும் தலைதான் முதலில் தரையில் மோதும். சிமெண்டுத் தரையாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

நாற்காலியின் மேல் வைத்துக் கட்டக்கூடிய மர இருக்கை ஒன்றைச் சிறு விவசாயிகள் தங்கள் தோட்டத்து மரத்திலேயே செய்துகொள்ள முடியும். தச்சு வேலை ஓரளவு தெரிந்தவர்கள் தாங்களே செய்யலாம். இல்லாவிட்டால் அளவுகளைச் சொல்லி ஆசாரியிடம் கொடுக்கலாம். எப்படிச் செய்தாலும் மூன்று விதிகளை மறக்கக் கூடாது. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இருக்கை நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். மரத்தின் மேல் பூசும் பொருள் குழந்தையின் வாய்க்குப் போனாலும் தீங்கு செய்யாததாக இருக்க வேண்டும்.

யாருக்குத் தேவை?

தரையில் அமர்ந்து சாப்பிடும் வீட்டில் இந்த இருக்கைக்கு வேலையே இல்லை. அங்கே குழந்தைக்கு ஒரு மணைப்பலகை போதும். தரையில் இருக்கும் குழந்தை விழுவதற்கு உயரம் கிடையாது. மேசையில் சாப்பிடும் வீடுகளுக்கு மட்டுமே உயர இருக்கை தேவைப்படும்.

பிடிப்பு இல்லாமல் தானே நன்றாக உட்காரத் தெரிந்த குழந்தையைத்தான் இதில் வைக்க வேண்டும். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை இது பயன்படும். கைக்குழந்தைக்கு இது ஏற்றதல்ல.

எந்த மரம் ஏற்றது?

தேக்கு எல்லாவற்றிலும் சிறந்தது. மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் பூச்சி எளிதில் அண்டாது. வெயிலுக்கும் ஈரத்துக்கும் அதிகம் வளையாது. வரப்பில் நின்ற தேக்கை வீட்டுக் கதவு, நிலைக்கு அறுத்தவர்களிடம் வெட்டுத் துண்டுகள் மீந்திருக்கும். ஒரு இருக்கைக்கு அவையே போதும்.

பலாவும் நல்ல மரம். இழைப்புளிக்கு இணங்கும், மஞ்சள் நிறமாக மெருகு ஏறும். தஞ்சாவூரில் வீணை செய்ய எடுத்துக்கொள்ளும் மரம் இதுதான். வாய்க்கால் ஓரத்துப் பூவரசு உறுதியானது, எளிதில் பிளக்காது. வேம்பில் கசப்பு இருப்பதால் உளுப்பது குறைவு. ஆனால் பச்சையாக அறுத்துப் போட்டால் முறுக்கிக்கொள்ளும். பொறுமையாகக் காய வைக்க வேண்டும்.

மேக்கரை, வடகரைப் பக்கத்து மாந்தோப்புகளில் காய்ப்பு நின்ற மரங்களை வெட்டும்போது மாம்பலகை மலிவாகக் கிடைக்கும். மா மரம் வேலைக்கு எளிது. ஆனால் வெட்டியவுடன் அறுத்து அடுக்காமல் தடியாகவே போட்டுவைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும், வண்டும் துளைக்கும். வாகையின் வைரப் பகுதி நன்றாக உழைக்கும். அதன் தூள் தும்மலையும் மூக்கு எரிச்சலையும் உண்டாக்கும் என்பதால், அறுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நல்லது.

எந்த மரமானாலும் நடுவிலுள்ள வைரப் பகுதியையே எடுக்க வேண்டும். ஓரத்து வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து அதிகம். அதைத் தேடித்தான் துளைக்கும் வண்டு வருகிறது.

எவை ஆகாது?

ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பது பழமொழி. ஒதியம், முருங்கை, இலவம் ஆகிய மெல்லிய மரங்களில் திருகாணி பிடித்து நிற்காது. அரளியும் எட்டியும் நச்சுத்தன்மை உள்ளவை. கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும் வயதுக் குழந்தைக்கு இவற்றில் எதுவும் செய்யக் கூடாது.

கணவாய்க்கு அப்பால் ஆரியங்காவு, புனலூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர் மரப் பலகை வருவதுண்டு. மருந்தேற்றிப் பதப்படுத்தாத ரப்பர் மரம் மிக விரைவில் உளுத்துவிடும். பதப்படுத்தியதுதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும்.

பழைய மரத்தைப் பயன்படுத்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்திருந்த ஊர். இங்குள்ள பழைய வீடு எதிலாவது மரப் பத்தாயம் இருந்தால் அதன் பலகை நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த மரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பத்தாயத்தில் ஒரு காலத்தில் நெல்லோடு டி.டி.டி.யோ பி.எச்.சி. தூளோ தூவியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவது 1989-இல் நிறுத்தப்பட்டது, பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது. இவை எளிதில் சிதையாமல் நெடுங்காலம் தங்கும் மருந்துகள். பூச்சிமருந்து டப்பாக்கள் வைத்திருந்த அலமாரிப் பலகைக்கும் இதே விதிதான்.

பழைய பெயிண்டு அடித்த கதவுப் பலகையும் கூடாது. முன்பு பெயிண்டுகளில் ஈயம் தாராளமாகக் கலந்திருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல்தான் வந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டினால் அந்த ஈயம் தூளாகி வீடெங்கும் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பொருள் அது.

மலையடிவாரத்தில் விழுந்து கிடக்கும் காட்டு மரத்தை எடுத்து வரலாம் என்று எண்ண வேண்டாம். குற்றாலம், செங்கோட்டை மலைப்பகுதிகளைச் சேர்த்து 2015-இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டிருக்கிறது. தேக்கு, தோதகத்தி ஆகியவை சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும், வெட்டுவதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

காய வைப்பதே பாதி வேலை

நெல்லை 14 சதவீத ஈரத்துக்குக் காய வைத்துச் சேமிக்க வேண்டும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். மரமும் அப்படித்தான். சுமார் 12 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த பலகையில் செய்த இருக்கை ஆடாது, பிளக்காது. பச்சைப் பலகையில் செய்தால் சில மாதங்களில் பலகை சுருங்கித் திருகாணிகள் தளர்ந்துவிடும். வெளியே பார்த்தால் இருக்கை நன்றாகவே தெரியும். குழந்தை ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஆடும்.

இந்த வட்டாரத்தின் தட்பவெப்பத்தைக் கணக்கில் வைத்து வேலையைத் திட்டமிட வேண்டும். ஆனி, ஆடியில் சாரலின் ஈரத்தைப் பலகை உறிஞ்சிக்கொள்ளும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வீசும் பலத்த காற்றில் திறந்த வெளியில் போட்டால் பலகையின் முனைகள் மட்டும் விரைவாக உலர்ந்து வெடிக்கும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் மரத்தை அறுத்து அடுக்கி, கோடை முழுவதும் காயவிட்டு, சாரலுக்கு முன்பே இருக்கையைச் செய்து முடிப்பது சரியான வரிசை.

அடுக்கும் முறை வருமாறு:

1. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், கூரைக்குக் கீழே, வெயிலும் மழையும் நேரே படாத இடத்தில் அடுக்க வேண்டும்.

2. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் இடையே 1 அங்குலக் கனமுள்ள குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே வைக்க வேண்டும். குச்சிகள் மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும்.

3. பலகையின் இரு முனைகளிலும் மெழுகோ, சாணமும் களிமண்ணும் கலந்த குழம்போ பூச வேண்டும். இது முனை வெடிப்பைத் தடுக்கும்.

4. அடுக்கின் மேல் கனமான கற்களை ஏற்றினால் பலகை வளையாது.

1 அங்குலப் பலகை காய, மரத்தைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை ஆகும். காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு துண்டைத் தனியாக எடுத்து வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வரவேண்டும். எடை குறைவது நின்றுவிட்டால் பலகை காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மா போன்ற மரத்தைக் காய வைப்பதற்கு முன் சில வாரங்கள் குளத்து நீரில் அமிழ்த்தி வைப்பது பழைய வழக்கம். மரத்திலுள்ள மாவுச்சத்து நீரில் கரைந்து போவதால் பிறகு உளுப்பது குறையும்.

அளவு எடுப்பது எப்படி?

கடையில் வாங்கும் இருக்கை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு. வீட்டில் செய்வதில் உள்ள நன்மை, அந்தக் குழந்தைக்கே அளவெடுத்துச் செய்யலாம் என்பதுதான்.

முதலில் மேசையின் உயரத்தை அளக்க வேண்டும். அதிலிருந்து நாற்காலியில் உட்காரும் இடத்தின் உயரத்தைக் கழிக்க வேண்டும். பிறகு குழந்தையைத் தரையில் நிமிர்ந்து உட்கார வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதையும் கழிக்க வேண்டும். மீதி வருவதே இருக்கையின் உயரம்.

எடுத்துக்காட்டாக, மேசை 30 அங்குலம், நாற்காலி 18 அங்குலம் என்றால் வித்தியாசம் 12 அங்குலம். குழந்தையின் முழங்கை உயரம் 6 அங்குலம் என்றால் இருக்கையின் உயரம் 6 அங்குலம். குழந்தை வெளியூரில் இருந்தால் தாயிடம் தொலைபேசியில் இந்த ஓர் அளவை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். மேசைப் பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டம் இருந்தால், குழந்தையின் தொடை அதில் இடிக்காதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேவையான பலகைகள்

எல்லாப் பலகைகளும் இழைத்த பிறகு முக்கால் அங்குலக் கனம் இருக்க வேண்டும். கீழே உள்ளவை 6 அங்குல உயர இருக்கைக்கான அளவுகள்.

பக்கப் பலகை - 2: நீளம் 10 அங்குலம், உயரம் 10 அங்குலம்.

உட்காரும் பலகை - 1: அகலம் 11 அங்குலம், ஆழம் 10 அங்குலம்.

பின் பலகை - 1: அகலம் பன்னிரண்டரை அங்குலம், உயரம் 14 அங்குலம்.

முன் குறுக்குச் சட்டம் - 1: நீளம் 11 அங்குலம், அகலம் 2 அங்குலம்.

தாங்கு சட்டம் - 2: நீளம் 9 அங்குலம், அகலமும் கனமும் 1 அங்குலம்.

மொத்தம் மூன்றரை சதுர அடிப் பலகை ஆகும். கழிவையும் சேர்த்து 5 சதுர அடி வைத்துக்கொண்டால் போதும். தேக்கு, பலா போன்ற மரத்தில் செய்து முடித்த இருக்கை ஏறத்தாழ 4 கிலோ இருக்கும்.

இணைக்கும் முறை

உட்காரும் பலகையில் மரத்தின் நார் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். முன்பின்னாக ஓடினால் பலகை பாரம் தாங்காமல் நார் வழியே பிளக்கக்கூடும். பக்கப் பலகைகளில் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும்.

முதலில் தாங்கு சட்டங்களைப் பக்கப் பலகைகளின் உட்புறத்தில், சட்டத்தின் மேல் விளிம்பு அடியிலிருந்து ஐந்தேகால் அங்குல உயரத்தில் இருக்குமாறு திருகாணி கொண்டு பொருத்த வேண்டும். இவற்றின் மேல்தான் உட்காரும் பலகை அமரும். குழந்தையின் பாரத்தைத் தாங்குவது இந்தச் சட்டங்களே. பலகையின் முனையில் ஏற்றிய திருகாணியை மட்டும் நம்பக் கூடாது. முனைமரத்தில் திருகாணிக்குப் பிடிப்புக் குறைவு.

அடுத்துப் பின் பலகையைப் பக்கப் பலகைகளின் பின் விளிம்பில் பொருத்தி, முன் குறுக்குச் சட்டத்தை உட்காரும் பலகைக்குக் கீழே முன்புறத்தில் சேர்க்க வேண்டும். முன் சட்டம் இல்லாவிட்டால் பக்கப் பலகைகள் நாளடைவில் விரிந்துவிடும்.

ஆணி அடிப்பதை விடத் திருகாணியே நல்லது. சாரலில் மரம் பருத்துக் கோடையில் சுருங்கும்போது ஆணி சிறிது சிறிதாக வெளியே வந்து, அதன் தலை குழந்தையின் காலைக் கிழிக்கும். திருகாணி ஏற்றும் இடத்தில் முதலில் மெல்லிய துளை போட வேண்டும். திருகாணியின் தலை மரத்துக்குள் புதைந்திருக்க வேண்டும்.

தாங்கு சட்டங்களையும் உட்காரும் பலகையையும் பசை போட்டு ஒட்ட வேண்டாம். குழந்தை வளர்ந்த பின் சட்டங்களைக் கழற்றி 2 அங்குலம் கீழே இறக்கிப் பொருத்தினால் அதே இருக்கை இன்னும் சில ஆண்டுகளுக்கு உதவும்.

எல்லா மூலைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவுக்காவது உருட்ட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்த பிறகு பழைய நைலான் துணியைப் பலகை முழுவதும் ஓட்டிப் பார்த்தால், சிராய் இருக்குமிடத்தில் துணி மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும்.

கட்டும் நாடா

நாடாக் கட்டிலுக்குப் பயன்படும் 2 அங்குலப் பருத்தி நாடாவே இதற்கும் ஏற்றது. பக்கப் பலகைகளின் அடியில் நாடா மட்டும் நுழையும் அளவுக்கு மெல்லிய துவாரம் போட்டு, ஒரு நாடாவை நாற்காலியின் அடிவழியாகச் சுற்றிக் கட்ட வேண்டும். பின் பலகையில் இரண்டு துவாரங்கள் வழியாக இன்னொரு நாடாவை நாற்காலியின் முதுகோடு கட்ட வேண்டும். இரண்டு கட்டும் அவசியம். ஒன்று மட்டும் இருந்தால் இருக்கை சுழலும்.

குழந்தைக்கு இடுப்பில் ஒரு நாடாவும், கால்களுக்கு நடுவே ஒரு நாடாவும் வேண்டும். இடுப்பு நாடா மட்டும் இருந்தால் குழந்தை கீழ்நோக்கிச் சறுக்கி, நாடா கழுத்தில் மாட்டும் அபாயம் உண்டு. நடு நாடாவுக்கான துவாரம் பின் பலகையிலிருந்து 6 அங்குலம் தள்ளி இருக்கலாம். பள்ளிக்கூடப் பைகளில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை இடுப்பு நாடாவில் தைத்துக்கொண்டால் அவசரத்தில் உடனே அவிழ்க்கலாம். எந்த நாடாவின் முனையும் ஒரு சாணுக்கு மேல் தொங்கக் கூடாது.

இருக்கையின் அடி விளிம்புகளில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினால் வழுக்காது.

மெருகு பூசுவதில் கவனம்

வீட்டு மரச்சாமான்களைக் கரையான் தின்னாமலிருக்க முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய், கழிவு எஞ்சின் எண்ணெய், கரையான் மருந்து முதலியவற்றைப் பூசுவது கிராமங்களில் உண்டு. உத்தரத்துக்கும் தூணுக்கும் அது பொருந்தலாம். குழந்தையின் இருக்கைக்கு இவற்றில் எதுவும் கூடாது. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் பெரியவர்களின் தோலே வெந்து கொப்பளிக்கும்.

தேங்காய் எண்ணெய் உலராது. சிக்குப் பிடித்து எறும்பு சேரும். ஆளி விதை எண்ணெயில் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்துத் துணியால் தேய்ப்பது நல்ல முறை. எண்ணெய் நான்கு பங்கு, மெழுகு ஒரு பங்கு போதும். தேனீ வளர்ப்பவர்களிடம் மெழுகு கிடைக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு. விரித்துக் காய வைத்த பிறகே எறிய வேண்டும்.

அரக்கு மெருகும் பூசலாம். அம்பாசமுத்திரத்தில் செய்யும் மரச் செப்புச் சாமான்களுக்கு ஏற்றுவதும் அரக்குதான். எதைப் பூசினாலும் வாசனை முழுவதும் போகும் வரை, குறைந்தது இரண்டு வாரம், நிழலில் காற்றாட வைக்க வேண்டும்.

சோதித்த பிறகே குழந்தை

மூன்று வயதுக் குழந்தை சுமார் 14 கிலோ இருக்கும். இருக்கை அதைப் போல் இரு மடங்கு தாங்க வேண்டும். நாற்காலியில் கட்டிய இருக்கையின் மேல் பாதி மூட்டை நெல்லை, அதாவது 30 கிலோவை வைத்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கிரீச்சென்ற ஓசை கேட்டாலோ, கட்டு நெகிழ்ந்தாலோ, சரிசெய்த பிறகே குழந்தையை உட்கார வைக்கலாம்.

கனமான, நான்கு கால் மர நாற்காலிதான் வேண்டும். இப்போது வீட்டுக்கு வீடு இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் இதை வைக்கவே கூடாது. அது கனம் இல்லாதது, கால்கள் வளையும். குழந்தை மேசையைக் காலால் உதைத்தால் நாற்காலி பின்னோக்கிச் சாயும் என்பதால், நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருப்பது நல்லது. குழந்தை இருக்கையில் இருக்கும் வரை பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை முடிவில், திருகாணிகளை இறுக்கி நாடாக்களைச் சோதிக்க வேண்டும்.

வண்டியில் வைக்கக் கூடாது

முன்பு சைக்கிள் பாரில் சிறு மர இருக்கை மாட்டிக் குழந்தையை அழைத்துப் போனதுண்டு. அந்தப் பழக்கத்தில் இந்த இருக்கையை மொபெட்டிலோ காரிலோ டிராக்டரிலோ வைத்துக் கட்டக் கூடாது. வண்டி சட்டென்று நிற்கும்போது மரப் பலகையே குழந்தையைத் தாக்கும் ஆயுதமாகிவிடும். மோட்டார் சைக்கிளில் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. டிராக்டரில் ஓட்டுநர் தவிர வேறு யாரும், சிறு குழந்தை நிச்சயமாக, ஏறக் கூடாது.

காய்ந்த மரம், இரண்டு கட்டு, நஞ்சில்லாத மெருகு ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் இந்த இருக்கை ஒரு பேரனோடு முடிந்துவிடாது. அடுத்த பேத்திக்கும் வரும். வெட்டிய மரத்துக்கு ஈடாக வரப்பில் ஒரு தேக்கோ வேம்போ நட்டு வைப்பது நலம். இன்று இருக்கையில் அமரும் பிள்ளை பெரியவனாகித் தன் வீட்டில் குழந்தைக்கு அளவெடுக்கும் காலத்தில் அந்த மரமும் வைரம் பாய்ந்து நிற்கும்.